ரேடியோ அத்தையும் யானைக்குட்டியின் சட்டையும்

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது பெரம்பலூரில் எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் ரேடியோ இருந்தது. அந்த வீட்டுக்காரர் அரியலூரில் சப் ரிஜிஸ்திராராக இருந்து ஓய்வு பெற்று வந்தவர். தெருவே அவரை ரிஜிஸ்திரார் ஐயா என்றுதான் சொல்லும். எங்களுக்கு அவரைக் கண்டாலே உதறல். ஒரு முறை எங்கள் பந்து அவர் வீட்டுக்குள் விழுந்துவிட்டது. கேட்கப் போன பையனிடம், "இது உன் பந்துதாங்கிறதுக்கு என்ன ருசு? அத்தாட்சி இருக்கா?" என்று கேட்டார். அவன் திரும்பி ஓடி வந்துவிட்டான்.

உலக யுத்தச் செய்தி கேட்பதற்காக அவர் வாங்கிய ரேடியோ அது. கரண்ட் இல்லாததால் பேட்டரியில் ஓடும். பேட்டரி தீர்ந்தால், பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரியில் ஓடிய பஸ்ஸில் ஏற்றி திருச்சிக்கு அனுப்பி சார்ஜ் செய்து வரவழைக்க வேண்டும். அந்த பஸ்ஸோ மேடு கண்ட இடத்திலெல்லாம் நின்று கரி போடச் சொல்லும். அதனால் செய்தி முடிந்த மறு நொடியே ஐயா ரேடியோவை அணைத்து, கிளி போட்ட உறையைப் போர்த்திவிடுவார்.

அவர் மனைவியைப் பெரியம்மா என்று கூப்பிடுவோம். அவர்களுக்குக் குழந்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரேடியோவில் குழந்தைகளுக்கென்று ஒரு நிகழ்ச்சி வருவதைப் பெரியம்மா எப்படியோ தெரிந்துகொண்டார்.

"அரை மணி நேரந்தாங்க. தெருப் பிள்ளைங்க வந்து கேட்டுட்டுப் போகட்டுமே."

"பேட்டரி?"

"நீங்க ஒரு நாள் செய்தி கேக்காட்டி யுத்தம் நின்னுடுமா?"

ஐயா சம்மதித்தார். ஆனால் நிபந்தனைகள் இருந்தன. கால் கழுவிவிட்டு வர வேண்டும். பேசக் கூடாது. ரேடியோவிலிருந்து மூன்று முழம் தள்ளி உட்கார வேண்டும். மூன்று முழத்தை அவரே அளந்து சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டார்.

நிகழ்ச்சியை நடத்திய அம்மாளை ரேடியோ அத்தை என்போம். அப்படி ஒரு குரலை நான் அதுவரை கேட்டதில்லை. எங்கள் வீடுகளில் குழந்தைகளிடம் யாரும் அவ்வளவு மெதுவாகப் பேச மாட்டார்கள். "குழந்தைகளா, எல்லாரும் சௌக்கியமா இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு அத்தை சற்று நிறுத்துவார்.

"இருக்கோம் அத்தை!" என்று எட்டுப் பேரும் கத்துவோம்.

"பேசக் கூடாதுன்னேனே!" என்பார் ஐயா. "நீங்க சொல்றது அவங்களுக்குக் கேக்காது."

"கேக்காட்டி எதுக்குங்க பதில் சொல்ற வரைக்கும் காத்திருக்காங்க?" என்று என் தம்பி கேட்டான். அவனுக்கு ஐந்து வயது. ஐயா ரேடியோவைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

தம்பியைப் பொறுத்தவரை அத்தை அந்தப் பெட்டிக்குள்தான் குடியிருந்தார். சாப்பாட்டுக்கு என்ன செய்வார் என்பதுதான் அவன் கவலை. யாரும் பார்க்காதபோது ரேடியோவின் பின்பக்கத்து ஓட்டை வழியாக முறுக்கை ஒடித்து ஒடித்துப் போட்டிருக்கிறான். நான்கு வாரம் கழித்து, செய்திக்கு நடுவே கரகரவென்று சத்தம் வர, ஐயா பின்பலகையைக் கழற்றினார். உள்ளே எறும்புகள் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தன. எல்லாரையும் நிற்க வைத்து விசாரணை நடந்தது. தம்பி உடனே ஒப்புக்கொண்டான். "அத்தைக்குத்தாங்க போட்டேன்" என்றான். பெரியம்மா அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு ஐயா என்ன தண்டனை கொடுக்க முடியும்?

இதற்கிடையில் ஒன்றைக் கவனித்தேன். முதலில் வாசலைப் பார்த்தபடி போட்டிருந்த ஐயாவின் நாற்காலி, வாரத்துக்குக் கொஞ்சமாக ரேடியோவின் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

அப்போது அத்தை ஒரு யானைக்குட்டியின் கதையைச் சொல்லி வந்தார். குட்டிக்குச் சட்டை போட ஆசை. சந்தைக்குப் போய்த் துணி வாங்கித் தையற்காரரிடம் வருகிறது. அவர் ஏணி போட்டு ஏறி முதுகை அளக்கிறார், சுற்றிச் சுற்றி ஓடி வயிற்றை அளக்கிறார். கடைசியில் முன்னால் வந்து நின்று கேட்கிறார்: "குட்டி, முன்னாடி இருக்கிறது ரெண்டும் உனக்குக் கையா, காலா? கைன்னா சட்டைக் கை தைக்கணும். காலுன்னா கால்சட்டைதான் தைக்கணும்."

"அதுக்கு யானைக்குட்டி என்ன சொல்லிச்சு தெரியுமா?" என்றார் அத்தை.

அத்தோடு ரேடியோ அடங்கிவிட்டது. ஐயா திருகினார், தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. பேட்டரி தீர்ந்திருந்தது.

அந்த நேரம் நாங்கள் எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் ஐயாவே ஆரம்பித்தார். "இதுல என்ன சந்தேகம்? தரையில ஊனி நடக்கிறதெல்லாம் கால். ஆக நாலும் கால்."

"இல்லீங்க" என்றான் தம்பி. "அதுக்குக் கை ஒண்ணே ஒண்ணுதான். தும்பிக்கை. பேருலயே கை இருக்குல்ல?"

"அது மூக்குடா!"

"மூக்கால யாருங்க வாழைப்பழம் எடுத்துத் தின்பாங்க?"

தெருவே இரண்டு கட்சியானது. பிள்ளைகள் எல்லாரும் தம்பி பக்கம். ஐயா பக்கம் ஐயா மட்டும். பெரியம்மாவைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். "எனக்கு அடுப்புல வேலை கெடக்கு" என்று அவர் நழுவிவிட்டார். பேட்டரி போய் வர இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் தெருவில் தம்பியைப் பார்த்தால் ஐயா நின்று, "நாலும் கால்" என்பார். தம்பி, "கை ஒண்ணு" என்பான். இருவரும் அவரவர் வழியில் போய்விடுவார்கள்.

பேட்டரி வந்து சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கால் கழுவிக் கோட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தோம். அன்றைக்கு அத்தை முதலில் கடிதங்களை எடுத்தார்.

"பெரம்பலூர்லேருந்து ஒரு தம்பி எழுதியிருக்கான்" என்றார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்களில் யாரும் எழுதவில்லை. அடுத்து அத்தை ஒரு பெயரை வாசித்தார். இனிஷியலோடு, தெருப் பெயரோடு வாசித்தார். அது ரிஜிஸ்திரார் ஐயாவின் பெயர்.

எட்டுத் தலைகளும் நாற்காலிப் பக்கம் திரும்பின. ஐயா விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வயசு போட மறந்துட்டான். ஆனா எழுத்தைப் பாருங்க, பெரியவங்க மாதிரியே எழுதியிருக்கான்" என்று சொல்லி அத்தை படித்தார். "'மேற்படி யானைக்குட்டியின் நான்கு அவயவங்களும் கால்களே என்பது எனது தாழ்மையான அபிப்பிராயம். பேட்டரி தீர்ந்ததால் கதையின் முடிவைக் கேட்க இயலவில்லை. என்னுடன் கதை கேட்கும் சிறுவர்கள் இதை ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள். தாங்கள் தயவுசெய்து தீர்ப்புக் கூற வேண்டும்.'"

பெரியம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி" என்றார் அத்தை, எப்போதும் போல மெதுவாக. "சிநேகிதங்களோட சண்டை போடக் கூடாது, என்ன? கதையெல்லாம் ஒண்ணா உக்காந்து சந்தோஷமாக் கேக்கணும். கையெழுத்து கொஞ்சம் நடுங்குது. தினம் ஒரு பக்கம் எழுதிப் பழகு. பாலை மிச்சம் வைக்காமக் குடி. செய்வியா கண்ணு?"

வழக்கம் போல அத்தை சற்று நிறுத்தினார். பிறகு நாங்கள் எட்டுப் பேரும் ஐயாவுக்காக, "செய்வாரு அத்தை!" என்று கத்தினோம்.

ஐயா எழுந்தார். அணைத்துவிடப் போகிறார் என்றுதான் நினைத்தோம். "பேட்டரி வீணாகுது" என்று திருகின் மேல் கையையும் வைத்துவிட்டார். சரியாக அந்த நேரம் அத்தை, "இந்தத் தம்பிக்காக மறுபடி சொல்றேன், யானைக்குட்டி என்ன சொல்லிச்சுன்னு கேளுங்க" என்றார். ஐயாவின் கை அப்படியே நின்றது. யானைக்குட்டி தும்பிக்கையைத் தூக்கிக் காட்டி, "எனக்கு இருக்கிறது இந்த ஒரு கைதான்" என்றதாம். தையற்காரரும் ஒற்றைக் கை வைத்து ஒரு சட்டை தைத்துக் கொடுத்தாராம்.

தம்பி ஐயாவைப் பார்த்துச் சிரித்தான், அவ்வளவுதான். அன்று நாங்கள் கிளம்பும்போது பெரியம்மா ஒரு டம்ளர் பாலைக் கொண்டுவந்து ஐயாவின் முன்னால் வைத்தார். "எனக்கெதுக்குடி?" என்றார் ஐயா. "சொன்ன பேச்சைக் கேளுங்க" என்றார் பெரியம்மா. ஐயா எங்களை எல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒரு மூச்சில் குடித்தார். அதிலிருந்து எங்களுக்கு அவரிடம் இருந்த பயம் போய்விட்டது. அவரும் அதைத் திரும்பக் கொண்டுவர மெனக்கெடவில்லை.

நாலு வருஷம் போல அந்த வீட்டுக்குப் போய்க் கேட்டோம். பன்னிரண்டு வயதில் நான் பெரியவளானேன். அதன்பின் என்னை வெளியே அனுப்பவில்லை. தம்பி வந்து கதை சொல்வான், ஆனால் பாதியை விழுங்கிவிடுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் கொல்லையில் உட்கார்ந்து செட்டிகுளத்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். திடீரென்று ரேடியோ அத்தையின் குரல் காது கிழிகிற மாதிரி கேட்டது. ஐயா ரேடியோவை மேசையோடு நகர்த்தி எங்கள் கொல்லையைப் பார்த்த ஜன்னலில் வைத்து, முழுச் சத்தத்தையும் திருகிவிட்டிருந்தார். ஜன்னலில் அவர் வழுக்கைத் தலை மட்டும் தெரிந்தது.

அன்றைய கதை ஒரு நத்தையைப் பற்றியது. அம்மா அதுவரை ரேடியோ கேட்டதே இல்லை. உரித்த வெங்காயத்தைக் கையில் வைத்தபடி கடைசி வரை கேட்டாள். கதை முடிந்ததும் கவலையோடு என்னிடம் கேட்டாள்.

"ஏண்டி, இருட்டறதுக்குள்ள அது வூட்டுக்குப் போயிட்டுதா, இல்லியா?"

"வூட்டை முதுவுலதானம்மா வச்சிருக்கு" என்றேன்.

"அட ஆமாம்ல" என்று சொல்லிவிட்டு அம்மா அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.