மொட்டை மாடியில் ஒரு நிலா, பிரிண்ட் அவுட்டில் ஒரு நிலா

போன கோடை விடுமுறையில், சிதம்பரத்தில் என் நாத்தனார் வீட்டு மொட்டை மாடியில் நடந்தது இது. நடந்தது என்னவோ கொஞ்ச நேரம்தான். ஆனால் அதற்கு முன்னால் நான் மாதக்கணக்கில் குழம்பிய குழப்பத்தைச் சொன்னால்தான் உங்களுக்கு விஷயம் பிடிபடும்.

நாங்கள் இருப்பது கடலூர் மஞ்சக்குப்பத்தில். என் வீட்டுக்காரர் செம்மங்குப்பம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். எங்களுக்கு ஒரே மகள். மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அவளுக்குக் காலையில் யூனிஃபார்ம் மாட்டியதும் வயிற்றுவலி வரும், சாப்பிட்ட இட்லி அப்படியே வெளியே வந்துவிடும். ஸ்கேன் எடுத்தோம், பூச்சி மருந்து கொடுத்தோம், திருஷ்டியும் கழித்தோம். கடைசியில் ஒரு டாக்டர், "ஞாயித்துக்கிழமை வலி வருதாம்மா?" என்று கேட்டார். அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. ஞாயிற்றுக்கிழமையில் அவளுக்கு வலி வந்ததே கிடையாது.

வகுப்பில் அவள் ஏதோ கேள்வி கேட்டாளாம். மொத்த வகுப்பும் சிரித்ததாம். அதற்குப் பிறகு அவள் வாயைத் திறப்பதில்லையாம். இது எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாக, பல நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஒரு வருடம் வீட்டிலேயே படிக்கட்டும் என்று நிறுத்திவிட்டோம். வாந்தி நின்றுபோனது. எனக்கு அது போதும். ஆனால் சொந்தக்காரர்களுக்குப் போதவில்லை. பிள்ளைக்கு ஏதாவது குறையா, ஃபீஸ் கட்ட முடியவில்லையா என்று போகிற விசேஷத்தில் எல்லாம் கேட்டார்கள். ஒரு கட்டத்தில் என் வீட்டுக்காரரே ஆடிப்போய்விட்டார்.

அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார், சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் சயின்ஸ் டீச்சர். மே மாதம் அவர் எங்கள் மகளைச் சோதித்துப் பார்ப்பது, சரியில்லை என்று சொன்னால் ஜூனில் அவருடைய பள்ளியிலேயே சேர்த்து அவர் வீட்டிலேயே தங்க வைப்பது என்று அக்காவும் தம்பியும் பேசி முடித்துவிட்டார்கள். நாத்தனார் கெட்டவர் இல்லை. கண்டிப்பானவர், அவ்வளவுதான். ஆனால் மறுபடியும் ஒரு யூனிஃபார்மை நினைத்தால் இந்தத் தடவை எனக்கே வயிற்றைப் பிசைந்தது.

தமிழ், கணக்கு எல்லாம் எப்படியோ சமாளித்துவிட்டேன். சயின்ஸ்தான் தகராறு. பத்தாவதோடு சயின்ஸுக்குக் கும்பிடு போட்டுவிட்டு பி.காம். படித்தவள் நான். அதனால் போனை எடுத்துக்கொண்டு, காசில்லாமல் என்ன கிடைக்கும் என்று தேட ஆரம்பித்தேன். கிடைத்தது பாருங்கள், அள்ளிக்கொள்ள முடியவில்லை. வீடியோ, பி.டி.எஃப்., ஒர்க்‌ஷீட், வண்ண வண்ணமாகச் சார்ட். ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிப்பார்கள் என்பார்களே, அந்தக் கதைதான். கண்ணில் பட்டதை எல்லாம் இறக்கினேன். போன் இடமில்லை என்று கத்தியதும் கல்யாண போட்டோக்களை அழித்துவிட்டு மறுபடி இறக்கினேன்.

இறக்கியதைப் பிரித்துப் பார்த்தபோதுதான் தலை சுற்றியது. ஒன்று சொன்னதை இன்னொன்று சொல்லவில்லை. எது நான்காம் வகுப்புக்கு, எது கல்லூரிக்கு என்றே தெரியவில்லை. ஏப்ரல் மாதப் பாடம் என்று ஒன்று இருந்தது. கோட் போட்டுக்கொண்டு வெளியே போய், பனி உருகின இடத்தில் புதிதாக என்ன முளைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். கடலூரில் ஏப்ரல் மாதம் கோட் போட்டால் நாம்தான் உருகுவோம். என் மகள் ரொம்ப அக்கறையாக ரெயின்கோட்டை எடுத்து வந்து நின்றாள்.

இந்தக் கூத்தில்தான் நிலா வந்தது. இலவசச் சார்ட் ஒன்றை ஜெராக்ஸ் கடையில் கலரில் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டினேன். அமாவாசைக்குப் பிறகு வருகிற பிறை அதில் நெட்டுக்குத்தலாக நின்றுகொண்டிருந்தது. வெளிச்சம் வலது பக்கம். தினமும் சாயங்காலம் மாடிக்குப் போய் நிலாவைப் பார்த்து வரைய வேண்டும் என்று கீழே போட்டிருந்தது. என் மகள் போய் வரைந்துகொண்டு வந்தாள். படகு மாதிரி, மல்லாக்கப் படுத்துக் கிடந்தது அவளுடைய பிறை.

திருப்பி வரைந்துவிட்டாயோ என்று கேட்டேன். இல்லை என்றாள். நானே மேலே போய்ப் பார்த்தேன். நிஜமாகவே படகாகத்தான் இருந்தது. இத்தனை வயதுக்கு எத்தனை பிறை பார்த்திருப்பேன், அது நிற்கிறதா படுத்திருக்கிறதா என்று ஒரு நாளாவது கவனித்திருக்கிறேனா? வெட்கமாக இருந்தது.

சரி, சார்ட்தான் தப்பு போலிருக்கிறது என்று வேறொரு இணையதளத்தில் இருந்து இன்னொன்றை இறக்கினேன். அதிலும் பிறை நெட்டுக்குத்தலாகத்தான் நின்றது. ஆனால் வெளிச்சம் இடது பக்கம்! எனக்குக் கிறுக்குப் பிடிக்காத குறைதான்.

வீட்டிலிருந்து பிள்ளைகளைப் படிக்க வைக்கிற பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் மூன்று படத்தையும் போட்டுக் கேட்டேன். ஒருவர், பிரிண்டரில் பேப்பரைத் தலைகீழாக வைத்திருப்பேன் என்றார். ஒருவர் வேறு ஆப் சொன்னார், முதல் வாரம் மட்டும் இலவசமாம். இன்னொருவர் எதற்கும் பிள்ளைக்குக் கண் டெஸ்ட் பண்ணிவிடச் சொன்னார். என்னுடைய கண்ணையும் சேர்த்துத்தான் பண்ண வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்காரரிடம் கேட்டேன். ஷிஃப்ட் முடிந்து வந்த மனுஷர், "அக்கா புக்குல உள்ளதத்தான் கேக்கும். அதையே சொல்லிக் குடுத்துட்டுப் போ" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

எந்தப் புக்கு என்பதுதானே என் கஷ்டமே. இரண்டு சார்ட்டும் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. நடுவில் அவளுடைய படகு. அவள் அடிக்கடி வந்து எதும்மா சரி என்று கேட்பாள். பார்க்கலாம், பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். ஒரு கேள்வி கேட்டுச் சிரிப்புக்கு ஆளான பிள்ளை. இப்போது என்னிடம் கேட்டுப் பதில் வராமல் இதையும் விட்டுவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

மே மாதமும் வந்தது. வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் மகளும் பஸ் ஏறினோம். சிதம்பரம் போய்ச் சேருகிறவரை அவள் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். வயிறு வலிக்கிறதா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நாத்தனார் சாப்பாடு போட்டு, தூங்க வைத்து, வெயில் தாழ்ந்த பிறகு அவளைக் கூடத்தில் உட்கார வைத்தார். செடி, பூச்சி, தண்ணீர், காற்று என்று கேட்டார். மெல்லிய குரலில் என்றாலும் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். அப்புறம் ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தி, வளர்பிறையை வரைந்து காட்டச் சொன்னார்.

அவள் பென்சிலை எடுத்தாள். வைத்தாள். என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்ய, சுவரைப் பார்த்தேன்.

"எந்த நெலாவ வரையட்டும் அத்தை? பிரிண்ட் அவுட்ல இருக்கிறதா, மாடியில இருக்கிறதா?"

"நெலா ஒண்ணுதானடி இருக்குது" என்றார் நாத்தனார். குரலில் பள்ளிக்கூடம் வந்துவிட்டது. அவரே தாளை வாங்கி, வலது பக்கம் வெளிச்சம் வைத்து, நெட்டுக்குத்தலாக ஒரு பிறை வரைந்து காட்டினார். என் மகள் தலையைக் குனிந்துகொண்டு, எங்கள் மாடியில் அது படுத்துத்தான் இருக்கும் என்றாள். நாத்தனார் என் பக்கம் திரும்பினார். "இன்னாம்மா சொல்லிக் குடுத்துக்கினு இருக்க?"

போச்சு என்று நினைத்தேன். யூனிஃபார்ம் துணி எடுக்க எந்தக் கடைக்குப் போவது என்பது வரைக்கும் மனம் ஓடிவிட்டது. போனில் இருந்த இரண்டு சார்ட்டையும் காட்டி, நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். அன்றைக்கு மூன்றாம் பிறை. மாதா மாதம் மூன்றாம் பிறையைப் பார்த்துக் கும்பிடுவது அவருடைய பழக்கம், எப்படியும் மேலே போகத்தான் போகிறார். எங்களையும் வரச் சொன்னார்.

பொழுது சாய்ந்து மேற்கே கொஞ்சம் சிவப்பு மிச்சம் இருந்தது. அதற்கு மேலே பிறை. படகு. யாரும் மறுக்க முடியாத படகு.

நாத்தனார் பழக்கதோஷத்தில் கையைக் கூப்பிவிட்டார். கூப்பிய கை அப்படியே நின்றுவிட்டது. "மாசாமாசம் பாக்குறனே" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. மாடியில் மாதா மாதம் படுத்த பிறையைக் கும்பிட்டுவிட்டு, பள்ளியில் வருடா வருடம் நின்ற பிறையை வரைந்திருக்கிறார். இரண்டும் அவருக்குள் ஒரு நாளும் சந்தித்துக்கொள்ளவில்லை. நானாவது பி.காம். என்று எனக்கு அல்பமாக ஒரு ஆறுதல் வந்தது உண்மை.

நாங்கள் இரண்டு பேரும் இப்படி முழித்துக்கொண்டு நிற்கையில், என் மகள் தரையில் படுத்துவிட்டாள். வெயிலின் சூடு இன்னும் தணியாத தரை. ஒருக்களித்து, மேற்கே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். நாத்தனார் யோசிக்காமலேயே அதட்டினார்: "ஏய், வாராத வாழ்வு வந்தாலும் வடக்க தல வைக்கக் கூடாதுடி. எழுந்திரு."

அவள் எழுந்திருக்கவில்லை.

"அத்தை, நெலா நிமிந்துடுச்சி."

என்ன உளறுகிறாள் என்று குனிந்தோம். படுத்தபடியே கையை நீட்டிக் காட்டினாள். அவளுக்கு நிலா நெட்டுக்குத்தலாகத் தெரிகிறதாம், வலது பக்கம் வெளிச்சமாம். முதல் சார்ட் மாதிரியே. பிறகு அவளாகவே எழுந்து, தெற்கே தலை வைத்துத் திரும்பிப் படுத்தாள். இப்போது இடது பக்கம் வெளிச்சம். இரண்டாவது சார்ட்.

நாத்தனார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முட்டிவலியோடு மெல்லக் கையை ஊன்றித் தரையில் படுத்தார். வடக்கேதான் தலை வைத்தார். என்னையும் படுக்கச் சொன்னார். மூன்று பேரும் வரிசையாக ஒருக்களித்துக் கிடந்தோம். பக்கத்து மாடியில் வடகம் எடுக்க வந்த அம்மா எட்டிப் பார்த்துப் பதறிப்போய், டீச்சருக்கு உடம்பு முடியவில்லையா என்று கேட்டார். நிலா பார்க்கிறோம் என்று படுத்தபடியே பதில் சொன்னார் நாத்தனார். அந்த அம்மா வடகத்தை அள்ளிக்கொண்டு வேகமாக இறங்கிப் போய்விட்டார்.

பிறகு நாத்தனார் எழுந்து உட்கார்ந்து, நிதானமாக யோசித்துச் சொன்னார். பூமி உருண்டை. வடக்கே தூர தேசத்தில் நிற்பவர்கள், நம்மோடு ஒப்பிட்டால் வடக்கே தலை சாய்த்த மாதிரி நிற்கிறார்கள். அவர்கள் நேராக நின்று பார்த்தாலே பிறை அவர்களுக்கு நிமிர்ந்து தெரியும். தெற்கே ரொம்ப தூரத்தில் இருப்பவர்களுக்கு மறுபக்கமாக நிமிர்ந்து தெரியும். நாம் பூமியின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம், நமக்குப் படகு. நான் இறக்கிய இரண்டு சார்ட்டும் இரண்டு வேறு தேசத்துப் பிள்ளைகளுக்காகப் போட்டவை. அவர்களுக்கு அது சரி. எங்கள் மகள் வரைந்தது எங்களுக்குச் சரி. எனக்குப் பாதி புரிந்தது. மீதியை ஊர் திரும்பும் வழியில் பஸ்ஸில் என் மகள் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள் என்பது வேறு விஷயம்.

கீழே வந்ததும் வீட்டுக்காரர் போன் பண்ணினார். என்ன ஆயிற்று என்று அக்காவிடமே கேட்டார். நான் அடுக்களைக்குள் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"எங்க ஸ்கூல்ல இருந்திருந்தா அந்த நெலாவுக்கு நானே தப்பு போட்டிருப்பேன்டா. அவுங்க அம்மாகிட்டயே இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டே அழுதேன். சந்தோஷமா, பயம் விட்ட அழுகையா என்று கேட்டால் இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியாது. பால் பாதி அடுப்பில் போனது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

இன்னமும் தினமும் ஏதாவது இலவசமாக இறக்கிக்கொண்டுதான் இருக்கிறேன், இன்னமும் குழம்பிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் என் பிள்ளை தன் கண்ணால் பார்த்து வரைந்ததை, எனக்கு விளங்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக அழிக்கச் சொல்லாமல் எப்படியோ சுவரிலேயே விட்டு வைத்தேனே, தப்பித்தவறி அழிக்கச் சொல்லியிருந்தால் என்று நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு திக்கென்று அடித்து, பிறகு மெதுவாகத்தான் ஆறுகிறது.