இடது காலுக்கு வேலையில்லை

போன மாதம் கியர் போடத் தேவையில்லாத கார் ஒன்று வாங்கினேன். எழுபதைத் தாண்டிய அப்பாவை முன் சீட்டிலும் அம்மாவைப் பின் சீட்டிலும் உட்காரவைத்து, கோச்சடையிலிருந்து பைபாஸ் வரை ஒரு சுற்று போய்வந்தேன். இறங்கும்போது அப்பா, இப்போது தேய்ந்துபோன தன் முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்: "இடது காலுக்கு வேலையே இல்லடா. இதுதான்டா வண்டி."

எனக்கு வந்த கோபத்தில் கார் சாவியை வைகையில் எறிந்திருப்பேன். மாதத் தவணை ஞாபகம் வந்ததால் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பின்னால் திரும்பிப் பார்த்தேன். அம்மா அதற்குள் இறங்கி வீட்டுக்குள் போயிருந்தாள்.

எங்கள் சொந்தத்தில் நான்தான் கோமாளி. கல்யாண வீடுகளில் பந்திக்குக் காத்திருக்கும் கூட்டம் "மாப்ள, அந்த ஜீப் கதையை எடுத்து விடு" என்று கேட்கும். நானும் இத்தனை வருடமாக எடுத்து விட்டிருக்கிறேன். எருமை முந்துகிற இடத்தில் யாருக்காவது கண்டிப்பாகப் புரையேறும். அந்த இடம் வருவதற்குள் அம்மா எழுந்து போய்விடுவாள். இந்த முறை சிரிக்கவைக்காமல் சொல்லிப்பார்க்கிறேன். நடுநடுவே இளித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், பழக்கதோஷம்.

தொண்ணூறுகளின் பின்பாதி. எனக்குப் பதினோரு வயது. அப்பாவுக்குச் செல்லூரில் விசைத்தறிச் சாமான்கள் விற்கும் கடை. அம்மாவுக்கு நாகமலைக்கு அந்தப் பக்கம் அவளுடைய அப்பா எழுதிவைத்த கொய்யாத் தோப்பு. தோப்புக்கு ரோடு கிடையாது. வெறும் வண்டிப்பாதை, அதற்குக் குறுக்கே ஓர் ஓடை, மணலும் கல்லுமாக. இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த ஓடையில்தான் அப்பா ஓட்டிய மோட்டார்சைக்கிள் சாய்ந்து, பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாவின் இடது முழங்கால் அடியில் சிக்கியது. அதன்பிறகு அம்மா அந்தக் காலைச் சரியாக மடக்கியதில்லை. படியேறும்போது வலது காலை வைத்து, இடதை இழுத்துப் பக்கத்தில் சேர்த்துக்கொள்வாள். வீட்டில் யாரும் அதைப்பற்றிப் பேசமாட்டோம். பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் அப்பா பனியனோடு தெருவுக்குப் போய்விடுவார்.

தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்றார் அப்பா. வாரம் ஒருநாள் அவர் கூட்டிப்போனால்தான் அம்மா போகமுடியும், அந்த ஒருநாளும் கடையில் சரக்கு வந்தால் கிடையாது. ஆளில்லாத தோப்பில் கொய்யாவை அணிலும் ஊராரும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா ஒரே பிடியாக நின்றாள்.

"ஒரு பழைய ஜீப் வாங்குங்க. நானே ஓட்டப் பழகிக்கிறேன். தினம் போய்ட்டு வாரேன். அப்பவும் முடியலைன்னா குத்தகைக்கு விடுங்க, நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

அப்பாவுக்கு வண்டி வாங்குவதில் ஆட்சேபணை இல்லை. வண்டி ஓட்டுவது என்றால் கியர் மாற்றுவது என்பது அவர் கட்சி. ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்தவர்களின் வேனைக் கடன் வாங்கி, என்னை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடிக்கவிடுவார். அப்போதெல்லாம் எனக்கு ஓதிய மந்திரம் ஒன்றுதான். "என்ன பண்றதுன்னு தெரியலையா, கிளட்ச்சை மிதி. அம்புட்டுத்தான் டிரைவிங்."

அவனியாபுரத்தில் ஒரு மெக்கானிக் அண்ணனின் பட்டறையில் இரண்டு ஜீப் விலைக்கு வந்திருப்பதாகத் தெரிந்து மூன்று பேரும் போனோம். ஒன்று ஏலத்தில் எடுத்த பட்டாளத்து ஜீப். இன்னொன்று, பாலம் கட்ட வந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன ஜப்பான் ஜீப். இரண்டுமே நாலு சக்கரமும் இழுக்கும். ஓட்டிப் பார்க்க, பக்கத்தில் வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் இறக்கினார்கள். நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் குட்டையாகத் தேங்கியிருந்தது.

"இந்த ஜப்பான் வண்டியில கிளட்ச்சே கிடையாதுண்ணே," என்றார் மெக்கானிக். "கியரை அதுவே போட்டுக்கும். வலது காலால ஆக்சிலேட்டர், அதே காலால பிரேக். இடது காலுக்கு வேலையே இல்ல."

"அப்ப இடது காலை வீட்டுலயே கழட்டி வச்சுட்டு வரலாம்ங்கிற," என்றார் அப்பா.

அதுதான் நான் கேட்டதிலேயே பெரிய நகைச்சுவை என்று எனக்குப் பட்டது. விழுந்து விழுந்து சிரித்தேன். அதோடு விட்டேனா? இடது காலை மடக்கிப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நொண்டியடித்து ஜீப்பை முழுசாக ஒரு சுற்று சுற்றி வந்தேன். அப்பா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. மெக்கானிக் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் காலைக் கீழே வைத்தேன். என்ன தப்பு செய்தேன் என்று தெரியவில்லை. ஒருவேளை சட்டை அழுக்காகிவிட்டதோ என்று குனிந்து பார்த்துக்கொண்டேன்.

அம்மா மெக்கானிக் பக்கம் திரும்பினாள். "மணல்ல இழுக்குமா தம்பி?"

"இழுக்கும்க்கா. பழகாதவங்க மணல்ல கிளட்ச்சை வெடுக்குனு விட்டு ஆஃப் ஆக்கிருவாங்க. இதுல அந்தத் தொல்லை இல்ல. லிவர் 'டி'யில இருந்தா பிரேக்குல இருந்து காலை எடுத்தாலே போதும், தானா மெதுவா ஊரும்."

"நிப்பாட்டணும்னா?"

"பிரேக்கை மிதிங்க. இல்லையா, லிவரை 'என்'னுக்குத் தள்ளிருங்க. இன்ஜின் ஓடும், இழுக்காது."

அம்மா அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

முதலில் அப்பா ஜப்பான் ஜீப்பை எடுத்தார். இருபது வருடமாகக் கியர் போட்ட கால் அல்லவா, பத்தடி போனதுமே இடது கால் தன் பாட்டுக்குக் கிளட்ச்சைத் தேடி மேலேறி, அங்கே அகலமாக இருந்த பிரேக்கை ஓங்கி மிதித்தது. மெக்கானிக்கின் நெற்றி கண்ணாடியில் மோதியது. நான் பின் சீட்டிலிருந்து முன் சீட்டுக்குக் குடிபெயர்ந்தேன். மறுபடி எடுத்தார், மறுபடி மிதித்தார். மூன்றாவது முறை மெக்கானிக் முன்னெச்சரிக்கையாக இரண்டு கையாலும் டேஷ்போர்டைத் தாங்கிக்கொண்டார்.

"வண்டியில கோளாறு இருக்கு," என்று இறங்கினார் அப்பா. காது சிவந்திருந்தது.

அடுத்து பட்டாளத்து ஜீப். அதில் அப்பா ராஜா. மணல்மேட்டில் ஏற்றினார், இறக்கினார், அரைக் கிளட்ச்சில் சரிவில் நிறுத்திக் காட்டினார். நான் கைதட்டினேன். அம்மா கைதட்டவில்லை. அவள் ஜப்பான் ஜீப்பின் கதவோரம் செருப்பைக் கழற்றி விட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தயாராக நின்றாள்.

"நானும் ஒருதரம் ஓட்டிப் பாக்குறேன்."

"இரு, பேசி முடிச்சுட்டு வாரோம்," என்று அப்பா மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு பட்டாளத்து ஜீப்பின் அடிவயிற்றைப் பார்க்கக் குனிந்தார். அம்மா ஒருகணம் நின்றுவிட்டு அவர்கள் பின்னால் போனாள். "அடுத்தது நான்" என்று அவள் சொல்வது கேட்டது.

அவளுக்காக ஜப்பான் ஜீப்பை ஓடவிட்டு வைத்திருந்தார்கள். உள்ளே ஏசி. நான் வாழ்க்கையில் அதுவரை ஏசியில் உட்கார்ந்ததில்லை. டிரைவர் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, சட்டைப் பொத்தானை அவிழ்த்து நெஞ்சைக் காட்டினேன். லிவர் பக்கத்தில் இங்கிலீஷ் எழுத்துகள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் படித்தேன். பி என்றால் பவர். ஆர் என்றால் ரேஸ். என் என்றால் நார்மல். டி என்றால் டேஞ்சர். லிவர் நார்மலில் இருந்தது. டேஞ்சர் என்று எழுதியதைத் தொடாமல் விடுகிற வயசா அது? இழுத்தேன்.

ஜீப் நகர்ந்தது.

நான் அலறிய அலறலுக்கு ஜீப் பறந்திருக்கவேண்டும். உண்மையில் அது கல்யாண ஊர்வலம் போகிற வேகத்தில் குட்டையை நோக்கி ஊர்ந்தது. அப்பாவின் மந்திரம் ஞாபகம் வந்து கிளட்ச்சைத் தேடினேன். கிளட்ச் இல்லை. இரண்டு காலையும் தூக்கிச் சீட்டில் வைத்துக்கொண்டேன். என் தலைமுடியை அழகருக்கும், அது போதாமல் அப்பாவின் மீசையைப் பாண்டி கோயிலுக்கும் நேர்ந்துகொண்டேன். வலது பக்கமாக ஓர் எருமை நடந்து வந்து, என்னை ஒரு பார்வை பார்த்து, முந்திக்கொண்டு போனது. அதை மேய்த்தவர் ஜன்னலில் எட்டி, "தம்பி எதுவரைக்கும் போறீக?" என்று கேட்டார்.

அதற்குள் அப்பா ஓடிவந்து ஜீப்புக்கு முன்னால் பாய்ந்து, காளையை மறிப்பதுபோல இரண்டு கையையும் பானெட்டில் ஊன்றிப் பின்னோக்கி நடந்தபடி கத்தினார். "கிளட்ச்சை மிதிடா. டேய், கிளட்ச்சை மிதி."

"கிளட்ச் இல்லப்பா."

"இருக்கும், நல்லாப் பாருடா."

அவர் காலில் தண்ணீர் பட்டபோது என் பக்கக் கதவு திறந்தது. அம்மா. ஓடி வரவில்லை, அவளால் ஓடமுடியாது. கால் இழுக்க நடந்தே வந்து பிடித்துவிட்டாள். என்மேல் சாய்ந்து கையை நீட்டி லிவரை ஒரே தள்ளாக மேலே தள்ளினாள். ஜீப் நின்றது. கல்யாண வீட்டுக் கதை இந்த இடத்தில் முடிந்துவிடும். நடந்தது முடியவில்லை.

"லிவரைத் தொட்டியா?" என்றார் அப்பா. வேட்டியின் அடிப்பக்கம் நனைந்திருந்தது. கை ஓங்கியிருந்தது.

"தொடவே இல்லப்பா. சும்மா உக்காந்திருந்தேன். அதுவா போச்சு."

"அது எப்படிண்ணே அதுவா போகும்?" என்றார் மெக்கானிக்.

"லிவர் கீழ 'டி'யில கிடந்துச்சு," என்றாள் அம்மா. "நான்தான மேல தள்ளுனேன். இவன் இழுத்திருக்கான்."

"ஒனக்கு என்ன தெரியும் அதைப் பத்தி? பதட்டத்துல நீ எங்க பிடிச்ச, எங்க தள்ளுனன்னு ஒனக்கே தெரியாது. பையன் தொடலைங்கிறான்ல."

அம்மா என் பக்கம் குனிந்தாள். கோபத்தை அடக்கிய, ரொம்பச் சின்னக் குரல். "நிஜத்தைச் சொல்லு. அடிக்க விடமாட்டேன். தொட்டியா இல்லையா?"

ஓங்கிய கை இன்னும் இறங்கவில்லை. "சாமி சத்தியமா இல்லம்மா," என்றேன்.

"கேட்டியா?" என்றார் அப்பா. அவர் முகத்தில் கோபத்தோடு கோபமாக ஒரு நிம்மதி தெரிந்தது. "ஆளு மிதிக்காமயே போற வண்டியை வாங்கிக் குடுத்து உன்னையக் காவு குடுக்கவா? பட்டாளத்து ஜீப்பே போதும். பேசாத."

பட்டாளத்து ஜீப்பின் கிளட்ச்சை அழுத்த அப்பாவே பல்லைக் கடிக்கவேண்டும். அதை வாங்கினோம். அம்மா அதில் ஒருநாள்கூட டிரைவர் சீட்டில் ஏறவில்லை. அடுத்த சித்திரைக்குள் தோப்பு குத்தகைக்குப் போனது. சொன்னபடியே அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேசினேன், ஊர் ஊராக, சிரிக்கச் சிரிக்க.

அன்றைக்குக் கண்மாயிலிருந்து கிளம்பும்போது அப்பா பட்டாளத்து ஜீப்பில் ஏறினார், நானும் ஏறினேன். அம்மா வரமாட்டேன் என்று, மெக்கானிக் எடுத்துவர இருந்த ஜப்பான் ஜீப் பக்கம் நடந்தாள். அவள் மறந்துவிட்ட செருப்பை நான் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஏசி பிடித்துப்போய்விட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஜப்பான் ஜீப் முன்னால் போனது, ஒரே புழுதி. சீராகப் போய்க்கொண்டிருந்தது. மணலில் ஒருமுறைகூடத் திணறவில்லை, மேட்டில் நிதானமாக ஏறி நிதானமாக இறங்கியது. "மெக்கானிக்குக்குத் தூக்கமா, இப்படி உருட்டுறான்," என்று அப்பா ஹாரன் அடித்தார். கண்மாய்க் கரை ஏறி, தார் ரோட்டுக்குப் பத்தடி முன்னால் ஜீப் அலுங்காமல் நின்றது. புழுதி அடங்கியது. டிரைவர் பக்கக் கதவைத் திறந்துகொண்டு, வெறுங்காலோடு, முதலில் வலது காலை ஊன்றி இறங்கியது அம்மா.

அப்பா அவளைத் தாண்டிப் போனார். மெக்கானிக்கைப் பார்த்துக் கத்தினார். "லைசென்ஸ் இல்லாத ஆளுகிட்டக் குடுப்பியா நீ?"

நான் செருப்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். "அம்மா, சூப்பரா ஓட்டுனம்மா. எருமையெல்லாம் ஒன்னைய முந்தவே இல்ல," என்றேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் செருப்பை என் கையிலிருந்து பிடுங்கிக் கீழே போட்டு மாட்டிக்கொண்டாள். குட்டைக் கரையில் நான் சத்தியம் செய்தபோது இருந்ததைவிட அவள் முகத்தில் இப்போது கோபம் அதிகமாக இருந்தது.

எனக்குப் புரியவில்லை. ஓட்டமுடியாத ஆள் கோபப்பட்டால் சரி. அம்புட்டு நல்லா ஓட்டிவிட்டு ஒருத்தி எதற்காக இம்புட்டுக் கோபப்படவேண்டும் என்று, பட்டாளத்து ஜீப்பில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.