ஆறு தடவையும் இருபதுதான்

வருஷத்தில் முந்நூற்று ஐம்பது நாள் எதுவுமே விழாத ஒரு பாத்திரத்தை, ஒரு நாள் தவறாமல் காலை எட்டரை மணிக்குத் திறந்து பார்ப்பது இடியாரின் வேலை. பாசன அலுவலகத்தின் பின்பக்கம் முள்கம்பி வேலி, வேலிக்கு ஒரு கதவு, கதவுக்கு ஒரு பூட்டு; உள்ளே முழங்கால் உயரத்தில் மழைமானி. மழையை யாராவது திருடிக்கொண்டு போய்விடுவார்களோ என்று அலுவலகத்துக்குப் பயம். மழை வந்துவிடுமோ என்று இடியாருக்குப் பயம்.

இருபத்தாறு ஆண்டுகளாக மழையை அளப்பவர் மழைக்கு நடுங்கினால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? ஆனால் அந்தச் சமவெளியின் மழையும் கொஞ்சம் நடுங்க வேண்டிய மழைதான். ஒன்பது மாதம் வெயில் மண்ணை ஓடாக வறுக்கும். அடுத்த இரண்டு மாதம் புழுதிக்காற்று வாசல், பாய், சோறு எதையும் விட்டுவைக்காது. மிச்சமிருக்கும் நாட்களில் நாலைந்து இரவு மட்டும், ஆண்டு முழுவதும் சேர்த்துவைத்ததை ஒரேயடியாகக் கொட்டும். வா வா என்று அழைத்தவர்களே ஒரு மணி நேரத்தில் போ போ என்பார்கள்.

இடியாருக்கு எட்டு வயதிருக்கும்போது, பட்டப்பகலில், அவருடைய சித்தப்பாவின் வண்டியும் மாடுகளும் காய்ந்த ஆற்றின் நடுவில் போய்க்கொண்டிருந்தன. சற்று நேரத்தில் ஆறு மட்டும் போய்க்கொண்டிருந்தது. தலைக்கு மேல் பொட்டு மேகம்கூட இல்லை. மழை பெய்தது எங்கோ மேற்கே, மலையடிவாரத்தில். அன்றிலிருந்து நாற்பத்து நாலு ஆண்டுகளாக அவர் ஆற்று மணலில் கால் வைத்ததில்லை. அக்கரைக்குப் போக வேண்டுமென்றால் பாலத்தைச் சுற்றி ஆறு மைல் சைக்கிள் மிதிப்பார்.

அப்படிப்பட்டவரின் மனைவி அதே மணலில்தான் கடை போட்டிருந்தாள். பதினாறு மாதமாக ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லாததால் செவ்வாய்க்கிழமைச் சந்தை அங்கேயே கூடியது. அவள் விற்றது பிளாஸ்டிக் குடம், வாளி, கேன். தண்ணீர் இல்லாத ஊரில் தண்ணீர்ப் பாத்திரம்தான் நன்றாகப் போகும். பக்கத்தில் அவளுடைய தம்பியின் வெங்காயக் கடை.

இடியார் ஏற்கெனவே இரண்டு முறை கரையில் நின்று கூவிச் சந்தையைக் கலைத்திருக்கிறார். முதல் முறை அவர் கண்ட கருமேகம் புழுதியாக முடிந்தது. இரண்டாம் முறை அவர் கேட்ட இடி, கல்குவாரியில் வைத்த வெடி. ஊர் அவருக்குப் பெயர் சூட்டியது அன்றைக்குத்தான்.

அந்தச் செவ்வாய் காலை வானம் கழுவிக் கவிழ்த்த சட்டிபோல் இருந்தது. தன் மழைமானியில் ஒன்றுமில்லை என்று பார்த்துவிட்டு, வழக்கம்போல மற்ற ஊர்களின் அளவைக் கேட்க டெலிபோனை எடுத்தார். மலையடிவாரத்து மழைமானி பள்ளிக்கூட முற்றத்தில் இருந்தது. அளப்பவள் மூன்று மாதத்துக்கு முன் வேலைக்கு வந்த டீச்சர். வந்த நாளிலிருந்து அவள் மழையையே பார்த்ததில்லை.

"அண்ணே, இங்க ராத்திரி செம மழை! இருபது மில்லிமீட்டர்."

இருபது என்றால் பரவாயில்லை. மணலே குடித்துவிடும். எழுதப்போன இடியாரின் பேனா நின்றது.

"சரியா இருபதாம்மா? கூடக் குறைய இல்லையா?"

"சரியா இருபது. மேல் கோடு வரைக்கும்."

அளக்கும் கண்ணாடிக் குவளையில் மேல் கோடே இருபதுதான். அதற்கு மேல் அதில் கோடு கிடையாது.

"குவளை நிறைஞ்சதும் என்ன பண்ணினே?"

"கொட்டிட்டு மறுபடி அளந்தேன். நமக்குப் புதுசு, தப்பு வந்துரக் கூடாதுல்ல? மழைமானி பாட்டில்ல தண்ணி இருந்துக்கிட்டே இருந்துச்சு, நானும் அளந்துக்கிட்டே இருந்தேன். ஆறு தடவை அண்ணே! ஆறு தடவையும் இருபதுதான். நீங்க தைரியமா எழுதிக்கலாம்."

இடியார் மனசுக்குள் பெருக்கினார். நூற்று இருபது. அரை வருஷத்து மழை.

"எப்பம்மா பெய்ய ஆரம்பிச்சுது?"

"விடியக்காலை மூணு மணி இருக்கும்."

மலையிலிருந்து ஊருக்குத் தண்ணீர் வந்துசேர ஆறேழு மணி நேரம். சுவரில் கடிகாரம் ஒன்பதைத் தாண்டியிருந்தது. மேலதிகாரிக்குப் போன் போட்டார்.

"உங்க ஊர்ல மழையாய்யா?" என்றார் அதிகாரி.

"இல்ல சார், ஆனா..."

"மழை பெஞ்சா சொல்லு."

சைக்கிளை மிதித்துக் கரைக்கு வந்து சேர்ந்தபோது சந்தை தேன்கூடாக மொய்த்துக்கொண்டிருந்தது.

"மேற்கே நூத்தியிருபது! எல்லாரும் மேல ஏறுங்க!"

"வந்துருச்சுய்யா இடி!" என்றது ஒரு குரல். மைத்துனன் வெங்காயத் தராசிலிருந்து தலையைத் தூக்கினான். "மச்சான், போன தடவை குவாரி. இந்தத் தடவை யார் வீட்டுல அம்மி உருளுது?"

சந்தை குலுங்கிச் சிரித்தது. மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வீட்டுக்குப் போங்க. வியாபார நேரத்துல மானத்தை வாங்காதீங்க."

இடியார் மறுபடி கூவ வாயைத் திறந்தார். கூவினால் இன்னும் சிரிப்பார்கள். கரையில் நின்றார், மேற்கே பார்த்தார், வெயிலில் மணல் வெள்ளையாக மின்னியது. பிறகு செருப்பைக்கூடக் கழற்றாமல் இறங்கினார். ஒவ்வோர் அடிக்கும் மணல் காலைப் பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. மனைவியின் கடைக்கு வந்து, கைக்கு இரண்டு கேனாகத் தூக்கிக்கொண்டு கரையைப் பார்த்து நடந்தார். வைத்துவிட்டுத் திரும்பவும் இறங்கினார்.

"என்னங்க, பித்துப் பிடிச்சிருச்சா உங்களுக்கு?" என்று ஆரம்பித்தவளின் பார்வை அவர் கால்களில் விழுந்தது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அந்தக் கால்களை அவள் மணலில் பார்த்ததில்லை. அவர் கையில் காலிக் கேன்கள் ஒன்றோடொன்று மோதிக் கடகடத்தன.

அவள் எழுந்தாள். "தம்பி, சாக்கைக் கட்டு."

"அக்கா, நீயுமா?"

"கட்டுடான்னா கட்டு!"

இடியார் ஓடிச் சந்தை பார்த்திருக்கிறது. அவர் மனைவி ஓடி யாரும் பார்த்ததில்லை. குடங்களை அள்ளிக்கொண்டு அவள் கரைக்கு ஓடியதும், வேறு யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தராசு, கூடை, குழந்தை, ஆடு, எல்லாம் மேடேறின.

கால் மணி நேரம் ஒன்றுமில்லை. "மச்சான்..." என்று மைத்துனன் பல்லைக் கடித்தான். அப்போது காற்றில் ஈரமண் வாசம் வந்தது. ஆற்றின் வளைவில், நுரையும் சுள்ளியும் சுமந்துகொண்டு, பழுப்பு நிறத்தில் ஒரு நாக்கு மணலை நக்கிக்கொண்டு வந்தது. தவழும் குழந்தையின் வேகம்தான். தாண்டிவிடலாம் என்று தோன்றும். அதன் பின்னால், ஒரு ஆள் உயரத்துக்கு, மரங்களோடு மீதி ஆறு வந்தது. மைத்துனன் விட்டுவந்த இரண்டு மூட்டை வெங்காயம் நின்ற இடம் எதுவென்று யாராலும் காட்ட முடியவில்லை. மனைவி இடியாரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாயந்திரம் வரை விடவில்லை.

அன்றோடு ஊர் அவரைக் கேலி செய்வதை நிறுத்திக்கொண்டது. அவருக்கு நிம்மதி போனதும் அன்றோடுதான்.

தண்ணீர் வடிந்து, ஒரு மாதம் கழித்துச் சந்தை மீண்டும் மணலில் இறங்கியது. இடியார் கரையோரம் வந்து, வெயில் தாளாமல் கழுத்தைத் துடைத்தார். கீழே மைத்துனன் சாக்கைக் கட்டத் தொடங்கினான். துணிக்காரர் கயிற்றை அவிழ்த்தார். மூன்று ஆடுகள் கரையேறின.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல! வேர்வை!" என்று கத்தினார் இடியார். அந்தக் கத்தலில் இன்னும் நாலு கடை கலைந்தது. தான் பயந்தால் ஊர் சிரித்துவிட்டுப் போன காலம் எவ்வளவு சுகமாக இருந்தது! அடுத்த முறை ஆறு வராமல் ஏமாற்றினால் அது தன் தலையில் விடியும். ஆறு நிஜமாகவே வந்து, அன்று தன் முகம் பயத்தைக் காட்டத் தவறிவிட்டால்? எல்லாரும் பார்க்கும்படி பல் தெரியச் சிரித்துவைத்தார்.

மனைவி கேன்களுக்கு நடுவிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

"சிரிக்காதீங்க. அதைப் பார்த்தாத்தான் இன்னும் பயமா இருக்கு."