அரைத்தாள் ரத்தினவேல்

இலுப்பூர்க் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த ரத்தினவேலுக்கு உலகத்தில் தெரியாத சங்கதி கிடையாது. ஆனால் எல்லாமே பாதிதான் தெரியும். அந்தப் பாதிதான் மனுஷனைப் பாடாய்ப் படுத்தியது.

ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தவரை அப்பன் இழுத்துவந்து தராசுக்குப் பின்னால் உட்காரவைத்தார். படிப்பு போயிற்று, படிக்கிற வெறி போகவில்லை. வாசகசாலை திறந்திருக்கும் நேரமும் கடையில் கூட்டம் மொய்க்கும் நேரமும் ஒன்று. புத்தகம் வாங்கக் காசு எடுத்தால் பெண்டாட்டி மூக்காயி துடைப்பத்தை எடுப்பாள். மிச்சம் இருந்தது பொட்டலம் மடிக்க எடைக்கு வாங்கும் பழைய பேப்பர் மட்டும். அதைக் கிழித்து அடுக்குவது மூக்காயியின் வேலை. எழுத்து வாசனை அறியாதவள், சேதி எங்கே முடிகிறது என்று பார்த்தா கிழிப்பாள்?

ஒருநாள், ‘உலகிலேயே முதன்முதலில் காகிதப் பணம் அச்சடித்த தேசம்’ என்பதுவரை படித்துவிட்டார். தேசத்தின் பெயர் இருந்த துண்டில் சற்றுமுன்தான் மிளகு மடித்துக் கொடுத்திருந்தார். கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, மிளகு வாங்கிய உண்ணாமலையின் வீட்டுக்கு ஓடினார்.

“ஆத்தா, அந்த மொளகு மடிச்ச தாளைக் கொஞ்சம் குடு ஆத்தா.”

“ஏன், எடை கூடுதலாப் போட்டுட்டீங்களாக்கும்? தாளை அப்பவே அடுப்புல போட்டுட்டேனே.”

இப்படி அவர் ஓடாத தெரு பாக்கியில்லை. ஊர் சும்மா இருக்குமா? ‘அரைத்தாள்’ என்று பட்டம் கட்டிவிட்டது. அவருக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். ஒரே ஒரு சேதியாவது தலையும் காலுமாக முழுசாய்த் தெரிந்துகொண்டு கண்ணை மூட வேண்டும் என்று புலம்புவார்.

நயா பைசா வந்து கடைத்தெருவே கணக்குப் புரியாமல் தலையைச் சொறிந்துகொண்டிருந்த வருஷம், வாசகசாலை ஆண்டுவிழாவில் பொது அறிவுப் போட்டி வைத்தார்கள். பரிசு, திருச்சியிலிருந்து வரவழைத்த தடித்த புத்தகம். சரித்திரம், மதம், சங்கீதம், நாணயம், இலக்கியம் என்று முன்பாதி முழுக்கக் கேள்வி, பின்பாதி முழுக்கப் பதில். கண்ணாடி பீரோவுக்குள் அதைப் பார்த்த நாளிலிருந்து ரத்தினவேலுக்குச் சோறு இறங்கவில்லை. அது தனக்குத்தான் என்று மூக்காயியிடம் சத்தியமே செய்துவிட்டார்.

போட்டியில் நன்றாகத்தான் ஆடினார். பழைய புதுக்கோட்டைச் சமஸ்தானத்து அம்மன் காசு எத்தனை சேர்ந்தால் ஓர் அணா என்று கேட்டார்கள். கல்லாவில் எண்ணிச் சலித்த கையாயிற்றே, இருபது என்றார். சித்தன்னவாசல் ஓவியம் எந்த மதத்தாருடையது என்றதற்குச் சமணர் என்றார். கடைசியில் அவரும் தையல்கடைக் குழந்தைசாமியும் சமமாக நின்றார்கள்.

“சங்கீத மும்மூர்த்திகள் மூவரும் பிறந்த ஊர் எது?”

அந்தச் சேதி வந்த தாளை ரத்தினவேல் படித்திருக்கிறார். ‘மூவரும் ஒரே ஊரில் பிறந்தார்கள் என்பது வியப்பு. அந்த ஊர்’ என்பதோடு கிழிசல். ஆராதனைக்கு ஜனங்கள் போகிற ஊராகத்தான் இருக்கும் என்று திருவையாறு என்றார். குழந்தைசாமி நிதானமாகத் திருவாரூர் என்றான். புத்தகம் அவன் கைக்குப் போயிற்று.

“ஒனக்கு எப்படிடா தெரியும்?” என்று வாசலில் வழிமறித்துக் கேட்டார்.

“நம்ம கடைப் பொரிகடலைப் பொட்டலந்தாண்ணே. தின்னு முடிச்சிட்டுச் சும்மா வாசிச்சேன்.”

தன் கையால் மடித்துக் கொடுத்தது! யாரைத் திட்டுவது? அன்றிலிருந்து பழைய பேப்பரைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூக்காயிக்கே மனசு கேட்காமல் போய், “அந்தப் பொஸ்தகத்தை ஒருக்காக் கேட்டுத்தான் பாருங்களேன்” என்றாள். வீம்பு பிடித்த மனுஷன், கேட்கமாட்டேன் என்றுவிட்டார்.

அடுத்த சந்தையன்று சரக்கெடுக்கப் புதுக்கோட்டைக்குப் போனார். அந்த நேரம் பார்த்துக் குழந்தைசாமி கடைக்கு வந்தான். அவனுக்கும் உறுத்தியிருக்க வேண்டும். பழைய செய்தித்தாளில் சுற்றிய கட்டு ஒன்றைப் பலகைமேல் வைத்தான்.

“மதினி, அண்ணனுக்குத்தான். இது பரிசா வந்தது...”

சந்தைக் கூட்டம், ஆளுக்கொரு பக்கம் கத்தல். மூக்காயி காதில் விழுந்தது பாதி. “அங்கிட்டு வச்சிட்டுப் போப்பா” என்றாள். கடைக்கு ஜனங்கள் எடைக்குக் கொண்டுவருவது பழைய பேப்பரும் கிழிசல் புத்தகமும்தானே. மத்தியானத்துக்கெல்லாம் கிழித்த தாள் தீர்ந்துவிடவே, கட்டைப் பிரித்தாள். நல்ல கெட்டித் தாள். கடுகுக்கும் சீரகத்துக்கும் அளவெடுத்த மாதிரி இருந்தது. மேலட்டையைப் பிய்த்துப் புளிப்பானைக்கு மூடியாக்கினாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் மூட்டைகளோடு வந்து இறங்கிய ரத்தினவேல், புளிப்பானையைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

“அடிப்பாவி! அந்தப் பொஸ்தகமாடி இது? மொத்தத்தையும் கிழிச்சிட்டியா?”

மூக்காயிக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. தைத்த நூல் தொங்க, எஞ்சியிருந்ததை எடுத்துவந்து நீட்டினாள்.

“மொத்தமும் கிழிக்கலைங்க. பின்னாடி பாதி அப்படியே இருக்கு.”

ரத்தினவேல் மூட்டைமேலேயே உட்கார்ந்து பிரித்தார். எண்ணும் பதிலுமாக வரிசை. முதல் வரியில் ‘சீனா’ என்றிருந்தது.

“சீனாவாம். எதுக்குடி சீனா? எதுக்கு?” என்று அவளையே கேட்டார்.

காகிதப் பணத்தை முதன்முதலில் அச்சடித்த தேசம் எது என்ற கேள்வி, கடுகை மடித்துக்கொண்டு சித்தன்னவாசல் பக்கம் எவர் வீட்டுக்கோ போய்ச் சேர்ந்திருந்தது.