தராசு நிரப்பிய சிலிண்டர்

அந்தச் சந்தில் பிரிட்ஜ் பழுதுபார்க்கிறவர்கள் பலர் இருந்தார்கள். தராசு என்று பட்டப்பெயர் வாங்கியவர் ஒருவர்தான். மற்றவர்கள் குழாயை வெட்டி, உள்ளே இருக்கும் கேஸைக் காற்றில் விட்டுவிடுவார்கள். ‘உஸ்’ஸென்று ஒரு சத்தம் வரும். அது அடங்குவதற்குள் அடுத்த வேலை தொடங்கியிருக்கும். இவரோ குழாயில் ஓர் ஊசி வால்வைக் கவ்வவிட்டு, அதில் கேஸை உறிஞ்சும் மிஷினை இணைத்து, கடைசி மூச்சுவரை இழுத்து ஒரு சிலிண்டரில் அடைப்பார். சிலிண்டர் எடைமேடைமேல் நிற்கும். ஒரு வீட்டு பிரிட்ஜில் இருக்கும் கேஸ் ஒரு டம்ளர் தண்ணீரின் எடைகூடத் தேறாது. அதற்குத்தான் இத்தனை பவிசு.

“என்ன தராசு, காத்தை எடை போட்டு விக்கப் போறியா?” என்பார் எதிர்க்கடையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிறவர்.

“விக்க இல்லண்ணே. சுத்தம் பண்ற எடத்துல ஒப்படைக்க.”

“ஓசோன்ல ஓட்டை விழும்னு பயமா? ஓசோன் என்ன உன் மாமனார் வீடா?”

“இந்த கேஸ் ஓசோனைத் தொடாதுண்ணே. சூட்டைத்தான் கூட்டும்.”

“கூட்டட்டுமே. சூடு ஏறினாத்தானே உனக்குப் பொழப்பு?”

பூமி சூடேறினால் முதலில் வாழப்போவது பிரிட்ஜ்காரன்தான் என்பது அவருக்கும் தெரியும். எப்போதோ ஒரு பயிற்சி வகுப்பில் இப்படித்தான் செய்ய வேண்டும் என்றார்கள். கை கற்றுக்கொண்டது, மனசு மறுத்துப் பேசவில்லை. அவ்வளவுதான் விஷயம். ஊர் அதைக் கொள்கை என்று நினைத்தது. கொள்கை உள்ளவர்கள் வாய் ஓயாமல் பேசுவார்கள். இவரிடம் இருந்தது வெறும் பழக்கம். பழக்கம் கொள்கையைவிட உறுதியானது. ஆனால் உடையவரின் மனசு ஊரில் இல்லாதபோதும் அது பாட்டுக்கு வேலைசெய்யும்.

மனைவி இறந்த அன்று அதுதான் நடந்தது. வாடகைக்கு எடுத்து வந்த குளிர்ப்பெட்டியில் அவளைப் படுக்க வைத்திருந்தார்கள். எல்லோரும் அழுதார்கள். இவர் பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்து கம்ப்ரஸர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஓடுகிறது, ஓடுகிறது, நிற்கவே மாட்டேன் என்கிறது. கேஸ் குறைவு, எங்கோ கசிகிறது என்று தோன்றியது. எல்லாம் முடிந்ததும் பெட்டிக்காரரிடம் போய், “அதை எங்கிட்ட அனுப்புங்க, அடுத்தவங்களுக்காவது ஒழுங்கா ஓடட்டும்” என்றார். சொன்னபடியே பழுதும் பார்த்துக் கொடுத்தார். சொந்தக்காரர்கள் ‘கல்நெஞ்சு’ என்றார்கள். அதிலும் தவறு இருந்தது. கல்லைத் தொட்டால் சில்லென்றாவது இருக்கும். இவருக்குள் எதுவுமே இல்லை.

கடை கீழே, வீடு மேலே. மேலே அவரும் கல்லூரியில் படிக்கும் மகளும். கடையில் கூட்டாளி மைத்துனன், அதாவது இறந்தவளின் தம்பி; வீடுவீடாகப் போய்ப் பார்க்கும் வேலைகள் அவனுடையவை. அவன் மனைவி, பெண்ணைத் தன் வீட்டுக்கு அனுப்பும்படி வந்தபோதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்பாகிட்டப் பேச ஆள் வேணாமா அத்தை?” என்பாள் மகள்.

“நீ இருக்கியே, பேசறாரா?”

“‘ம்’ சொல்றாரே.”

“பிரிட்ஜும்தான் ‘ம்’முனு சொல்லிட்டிருக்கு. அது கூடவா குடித்தனம் பண்ணுவாங்க?”

மகள் சிரித்துவிட்டு மறுத்துவிடுவாள். ஆனால் ஒவ்வொரு முறையும் மறுப்பதற்கு முன்னால் அப்பாவை ஒரு பார்வை பார்ப்பாள். ‘இரு’ என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவருக்கு அவள் இருக்கத்தான் வேண்டும். அது அவருக்குத் தெரிந்தும் இருந்தது. தெரிந்தது தொண்டைவரை வரவில்லை.

ஒரு நாள் மதியம் மகள் மேலே பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கீழே அவர் ஒரு பிரிட்ஜிலிருந்து கேஸை இழுத்துக்கொண்டிருந்தார். மிஷின் தானாக நின்றது. பொத்தானைத் தட்டினார். ஓடியது, நின்றது. மறுபடி தட்டினார். அழுத்தம் அளவுமீறினால் அது அப்படித்தான் நிற்கும். வேறு யாராவது தன் கடையில் இப்படித் தட்டியிருந்தால் இவரே ஓடிப்போய்த் தடுத்திருப்பார்.

மைத்துனன் உள்ளே வந்தான். நடக்க வழியில்லாமல் நின்ற சிலிண்டரை எடைமேடையோடு சற்று நகர்த்தப் பார்த்தான். நகரவில்லை.

“மாமா, இதுல எவ்வளவு இருக்கு?”

“கொஞ்சந்தான் மாப்ள. மேடையில பாரு, காட்டுது.”

“மேடையை எப்போ பூஜ்யத்துல வச்சீங்க?”

“காலையில.”

“நேத்து?”

“நேத்தும் காலையிலதான்.”

மைத்துனன் சட்டென்று குனிந்தான். சிலிண்டரின் கழுத்து வளையத்தில் அதன் காலி எடை பொறித்திருக்கும். மொத்த எடையில் அதைக் கழித்தால் உள்ளே இருக்கும் கேஸின் எடை வரும். ஐந்தில் நாலு பங்குக்குமேல் நிரப்பக் கூடாது. வெயிலில் உள்ளே இருக்கும் திரவம் விரியும். விரிய இடம் இல்லையென்றால் இரும்புதான் இடம் கொடுக்க வேண்டும், அதை அது மெதுவாகக் கொடுக்காது. இதைச் சந்து முழுக்கச் சொல்லித் திரிந்தவர் தராசு. அதே தராசு, அந்தக் குளிர்ப்பெட்டியின் கேஸை இழுத்த நாளிலிருந்து, தினமும் காலையில் கேஸோடு நிற்கும் சிலிண்டரை மேடையில் வைத்து பூஜ்யத்தை அழுத்தியிருக்கிறார். மேடையும் அன்றன்றைக்கு வந்ததை மட்டும் காட்டியிருக்கிறது. இன்னும் எவ்வளவோ இடம் இருக்கிறது என்று அவரும் நம்பியிருக்கிறார்.

இருவருமாகத் தூக்கி, மேடையைச் சரிசெய்து எடை போட்டார்கள். மைத்துனன் கழித்துப் பார்த்தான்.

“மாமா, கழுத்துவரைக்கும் நிக்குது.”

“ஆமா” என்றார் அவர், வெளியே தூறுகிறது என்று யாரோ சொன்னதற்குப் பதில் சொல்வதுபோல.

“ஆமாவா? வெயில் இப்ப இந்தப் பக்கம் திரும்பிடும்! பாப்பா! புத்தகத்தைப் போட்டுட்டுக் கீழ வா! ஏன்னு கேக்காத, ஓடிப்போய் எதிர்க்கடையில நில்லு!”

மகள் ஓடினாள். மைத்துனன் சிலிண்டரின் வால்வில் கை வைத்தான். “காத்துல விட்டுடறேன் மாமா. ஒரு தடவைதானே.”

“வேணாம். இது காத்தைவிடக் கனம். தரையோட படுத்துக்கும், தெருவைவிடப் பள்ளமா இருக்கிற இந்தக் கடையில நமக்கு மூச்சு நின்னுடும். காலி சிலிண்டர் ஒண்ணு வெற்றிடம் பண்ணி வச்சிருக்கேன். கதவைப் பூராத் திற. ஐஸ் எடு.”

ஐஸுக்கு அந்தக் கடையில் என்ன குறை? பழுதுபார்த்து ஓட்டம் பார்ப்பதற்காக வரிசையாக நின்ற பிரிட்ஜ்களில் தின்பதற்கு ஒன்றும் கிடையாது. ஒவ்வொன்றிலும் ஒரு தட்டு ஐஸ் மட்டும் சாட்சிக்கு உட்கார்ந்திருக்கும். அத்தனையையும் ஒரு தொட்டியில் கொட்டி, தண்ணீர் ஊற்றி, காலி சிலிண்டரை அதற்குள் நிறுத்தினார்கள். நிரம்பியதை நிழலுக்கு இழுத்து, ஈரச் சாக்கைச் சுற்றி மேடையில் ஏற்றினார்கள். கையுறை, கண்ணாடி. நடுவில் ஒரு குழாய். அவர் வால்வை மயிரிழை அளவு திறந்தார். எது குளிர்ச்சியோ அங்கே போவது அந்தத் திரவத்தின் சுபாவம். அது பாட்டுக்குப் போனது. மேடையில் எண் இறங்க இறங்க, பஸ்ஸில் நிறுத்தம் சொல்கிறவர் குரலில் அவர் படித்துக்கொண்டே இருந்தார்.

மைத்துனன் சாக்கில் ஊற்றிய தண்ணீர் பாதி தரைக்குப் போனது. அவர் எண்ணைப் படிப்பதில் ஒரு தடுமாற்றமும் இல்லை. அதைப் பார்த்தபிறகுதான் மைத்துனனுக்கு நிஜமாகவே பயம் வந்தது.

எண் அளவுக்குள் வந்ததும் வால்வுகளை மூடினார்கள். மைத்துனன் கையுறையைக் கழற்றினான்.

“வீட்டுல சொல்ல மாட்டேன் மாமா. சொன்னா பாப்பாவை இன்னிக்கே மூட்டை கட்ட வச்சிருவா.”

“நான் சொல்றேன்” என்று அவர் சந்தைக் கடந்தார்.

மகள் எதிர்க்கடை முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். கம்பி சுற்றுகிறவர் நாகரிகமாக எழுந்து உள்ளே போய், பேச்சு கேட்கும் தூரத்தில் நின்றுகொண்டார்.

“கண்ணு, மாமா வீட்டுக்குப் போ.”

“முடிஞ்சிருச்சுன்னு மாமா கை காட்டினாரே?”

“தப்பு என்னோடது. தினமும் பண்ணியிருக்கேன்.”

“யாருதான் தப்பு பண்ணல? அதுக்காகப் போகணுமா?”

“அதுக்காக இல்ல. மிஷின் நின்னுச்சு. நீ மேல இருக்கேன்னு தெரியும். தெரிஞ்சும் மறுபடி போட்டேன். மிஷினுக்கு இருந்த பயம் எனக்கு வரல கண்ணு. பயம் வராத ஆள் தலைமேல நீ படிக்க வேணாம்.”

அம்மா போனதிலிருந்து அவர் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. போகச் சொல்வதற்காகவா அத்தனையும் சேர்த்து வைத்திருந்தார் என்று கோபம் வந்தது.

“சரி. பயம் வந்தா போன் பண்ணுங்க.”

“ம்.”

“என்னைத் திரும்பக் கூப்பிடணும்னு பொய்யா வரவழைச்சுக்கக் கூடாது.”

“ம்.”

சாயங்காலமே போய்விட்டாள். அவளுடைய பையை அவர்தான் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்தார். திரும்பி வந்து, பாதியில் நின்ற பிரிட்ஜை முடித்தார். மைத்துனன் எடைமேடையின் பூஜ்யப் பொத்தான்மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டிருந்தான். அவர் அதை உரிக்கவில்லை. தினமும் கழுத்து வளையத்தைப் பார்த்து, வாய்விட்டுக் கழித்து, உரக்கச் சொல்லிவிட்டுத்தான் மிஷினைப் போட்டார். கணக்கு சரியாக வந்தது. மாடியில் சத்தமில்லை. சாப்பிட்டார், தூங்கினார். போன் பண்ணவில்லை. பண்ணுவதற்கு ஒன்றும் வரவில்லை.

பரீட்சையெல்லாம் முடிந்தபிறகு ஒரு மதியம் மிஷின் மறுபடி நின்றது. கை பொத்தானுக்குப் போனது, தொடவில்லை. அங்கேயே நின்றது. பார்த்தால், ஒரு குழாய் மடங்கிக் கிடந்தது. நீட்டி விட்டால் சரியாகிவிடும். அவர் நீட்டாமல் வாசலுக்கு வந்து போனை எடுத்தார்.

“கண்ணு.”

“என்னப்பா?”

“மிஷின் நின்னுச்சு. குழாய் மடங்கியிருக்கு, வேற ஒண்ணுமில்ல.”

“சரி.”

“ஒரு மாதிரி இருந்துச்சு.”

“பயமா?”

“கை பொத்தானுக்குப் போச்சு, அமுக்கல.”

“எதுக்கு? நான்தான் மேல இல்லையே.”

“எதிர்க்கடை அண்ணன் வாசல்ல உக்காந்திருந்தார்.”

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பிப் பாதியில் நின்றது. “அவருக்காகவா பயந்தீங்க?”

“வேற ஆள் யாரும் அங்க இல்லையே.”

“பொய்யில்லையே?”

“பொய் சொல்றவன் அந்த ஆளுக்காகப் பயந்தேன்னா சொல்வான்?”

“அது சரிதான்” என்றாள். “இது போதுமான்னு தெரியலப்பா.”

“எனக்கும் தெரியல.”

இருவரும் போனை வைக்கவில்லை. பேசவும் இல்லை. கம்பி சுற்றுகிறவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

“யாரு தராசு போன்ல? வாயே தொறக்காம நிக்கிற?”

“பொண்ணுண்ணே.”

“அவ பேசறாளா?”

“இல்ல.”

“அப்ப வச்சுத் தொலையேன், போய் வேலையைப் பாரு.”

“வைக்க மாட்டேண்ணே” என்றார் தராசு.