பத்தரை மணி வண்டி

தேவராஜ் அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து எனக்குப் போன் வந்தபோது காலை ஏழரை மணி. அழுகை வருவதற்கு முன்னால் நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தரைக்குள் வேலூரிலிருந்து ஆரணிக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். பத்தரைக்கு என் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டருகே வந்து நின்றுவிடுவார். வராத வண்டிக்காக அவர் வெயிலில் காத்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கண்ணமங்கலம் தாண்டும் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். ஸ்டாண்டில் அவரோடு வண்டி ஓட்டிய உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வாய் ஓயாத மனிதர், முன்கோபி, வெற்றிலைக்கும் அரசியலுக்கும் நேரம் காலம் பார்க்காதவர். ஆனால் எங்கள் வீட்டுக்கு அவர் என்ன செய்தார் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா ஓய்வுபெற்ற சர்வேயர். சேத்துப்பட்டு, வெம்பாக்கம் என்று ஸ்கூட்டரிலேயே அலைந்து நிலம் அளந்தவர். எழுபத்தெட்டு வயதில் கண்ணழுத்தம் வந்து பக்கப் பார்வை குறைந்தது. ஒரு நாள் மார்க்கெட் அருகே சைக்கிளில் வந்த ஒரு பெண்மேல் ஸ்கூட்டரை மோதப் போய், மயிரிழையில் தப்பி வந்தார். நேராக வீட்டுக்கு வந்து, லீவுக்கு வந்திருந்த என் கையில் சாவியைக் கொடுத்து, போதும் என்று சொல்லிவிட்டார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. மறுநாளே ஏற்பாடுகளில் இறங்கினேன். போனில் வண்டி பிடிக்கும் ஆப்பைப் போட்டுக் காட்டினேன். முன்பின் தெரியாதவனுக்கு எதற்கு நம்பர் சொல்ல வேண்டும் என்றார். டவுன் பஸ் படி அவர் முழங்காலுக்கு உயரம். ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து உட்கார இடுப்பு இடம் கொடுக்கவில்லை. கடைசியில் தேவராஜ் அண்ணனின் நம்பரைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று வேலூருக்குப் பஸ் ஏறினேன்.

இரண்டு மாதம் ஆகியும் அந்த நம்பருக்கு ஒரு போன்கூடப் போகவில்லை. எங்கும் போகவில்லையா என்று கேட்டால், ஒரு ஜோலியும் இல்லை என்பார். நூலகம் போவதை நிறுத்தினார், முடிவெட்டப் போவதை நிறுத்தினார். அம்மா காலமான பிறகு அவர் தனியாக இருக்கும் வீடு அது. டிவி முன்னால் உட்கார்ந்தே இருந்து குரல்கூடத் தேய்ந்துகொண்டு வந்தது. இப்படியே மனிதர் ஒடுங்கிப் போய்விடுவாரோ என்று பயந்தேன்.

ஒரு மதியம் தேவராஜ் அண்ணனே கூப்பிட்டார். அப்பா உச்சி வெயிலில் மதகுமேல் உட்கார்ந்திருந்தாராம். ஏறச் சொன்னால், காலார நடக்கத்தான் வந்தேன் என்றாராம். எனக்கு வந்த கோபத்தில், இதோ அவருக்குப் போன் போட்டுத் திட்டுகிறேன் என்றேன். திட்டு எனக்குத்தான் விழுந்தது.

"வண்டி இல்லாமயா அவரு வூட்ல குந்திகினு இருக்காரு? கேக்கறதுக்குக் கூச்சம்மா. ஊரு நெலத்தையே அளந்து குடுத்தவரு, என்ன இட்டுகினு போன்னு ஒருத்தங்கிட்ட கேப்பாரா? நீங்க கம்முனு இருங்க, நான் பாத்துக்கறேன்."

மறுநாள் பத்தரைக்கு அவருடைய ஆட்டோ எங்கள் வீட்டு முன்னால் வந்து நின்றது. ஹாரன் அடிக்கவில்லை. அப்பா வெளியே வந்து, நான் கூப்பிடவே இல்லையே என்றிருக்கிறார்.

"கூப்ட்டு வந்தா அது ஆட்டோ சார். கூப்புடாம டைமுக்கு வந்தா அது பஸ்ஸு. ரெண்டு நிமிஷம் நிக்கும். ஏறினா ஏறுங்க, இல்லன்னா கெளம்பிடும்."

அப்பா ஏறவில்லை. சொன்னபடியே வண்டி கிளம்பிவிட்டது. அடுத்த நாளும் அதே கதை. மூன்றாம் நாள் வண்டி ஐந்து நிமிடம் தாமதம். கேட்டருகே நின்றிருந்த அப்பா, டைமுக்கு வரத் தெரியாதவனுக்கு பஸ் ஒரு கேடா என்று வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு ஏறி உட்கார்ந்தாராம். வேண்டுமென்றேதான் தாமதித்தீர்களா என்று பிறகொரு நாள் கேட்டேன். வாயில் வெற்றிலை இருப்பதைக் காட்டித் தப்பித்துக்கொண்டார்.

இரண்டு வருடம் இப்படி ஓடியது. நூலகம், பேங்க், கண் டாக்டர், ஒன்றும் இல்லாவிட்டால் சும்மா ஒரு சுற்று. எந்தச் சந்தில் புகுந்தால் சீக்கிரம் போகலாம் என்று வழியெல்லாம் இருவருக்கும் சண்டை. அந்தச் சண்டையிலேயே அப்பாவின் குரல் திரும்பி வந்தது. ஆரணியிலிருந்து போன் வந்தால் நெஞ்சு படபடக்காமல் எடுத்துப் பேச என்னால் முடிந்தது அந்த மனிதரால்தான்.

அவர் போன அன்று பத்தேகாலுக்கு வீடு போய்ச் சேர்ந்தேன். அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். இனி இவர் வாசலைத் தாண்டமாட்டார் என்றே நினைத்தேன். பிறகு தலையைத் தூக்கி, "என்ன அவன் வூட்டுக்குக் கூட்டிகினு போறியாம்மா?" என்றார்.

எனக்கு நினைவு தெரிந்து அப்பா இன்னொருவரிடம் கேட்ட முதல் உதவி அது. மாலை போட்டுவிட்டுத் திரும்பும்போது, துக்க வீட்டு வாசலில் நின்ற உங்களில் ஒருவரிடம் அவரே போய், நாளைக்குக் கொஞ்சம் வரமுடியுமா என்று கேட்டார். நான் அந்தப் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அத்தனை துக்கத்திலும் நிம்மதியாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

தேவராஜ் அண்ணனுடைய பழக்கம் ஒன்றை நான் எடுத்துக்கொண்டுவிட்டேன். வரட்டுமா, ஏதாவது வேண்டுமா என்று அப்பாவிடம் இப்போது கேட்பதில்லை. சனிக்கிழமை காலையில் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிவிடுகிறேன். போன வாரம் போய் இறங்கினால் வீடு பூட்டிக் கிடந்தது. அப்பா ஆட்டோ பிடித்து நூலகத்துக்குப் போயிருந்தார்.