சுடுசுவரில் அடித்த பெயின்ற்

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான், இரசாயனவியல் பட்டதாரி. பெயின்ற் அடிக்கும் அண்ணனுக்கு, அன்று அவர் வேலை செய்த இணுவில் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டு போனேன். வெயிலில் கொதித்த சுவர் ஆறட்டும் என்று அவர் நிழலில் இருந்தார்.

"குளிரிலைதான் அண்ணை பெயின்ற் ஒழுங்காப் பிடியாது. சூடு நல்லது. சாட்டுச் சொல்லாமல் அடியுங்கோ" என்றேன்.

சிரித்துவிட்டு அடித்தார்.

மறுவாரம் பெயின்ற் உரிகிறதென்று அந்த வீட்டார் அண்ணனைக் கூப்பிட்டார்கள். நானும் போனேன். சுடுசுவரில் பெயின்றிலிருந்த தண்ணீர் சட்டென வற்றியதால், துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து படலமாக நேரம் கிடைக்கவில்லை. குளிரை மட்டும் நினைத்த நான், சூட்டின் அந்தப் பாதியை யோசிக்கவேயில்லை.

வீட்டுக்காரர் அண்ணனிடம் கேட்டார்: "தங்கச்சியைப் போலை நீரும் படிச்சிருந்தால் இப்பிடி நடக்குமே?"

"ஓம் ஐயா, என்ரை பிழைதான்" என்றார் அண்ணன்.

அடிக்கச் சொன்னது நான்தான் என்று சொல்ல என் வாய் திறக்கவில்லை. இங்கேதான் முதன்முதலாகச் சொல்கிறேன்.